ஜெனரல் என்பவர் யார்? இந்தியத் தரைப்படையின் உச்சிப் படிகளைப் புரிந்துகொள்ள

தமிழ்ச் செய்திகளில் "தளபதி" என்ற ஒரே சொல்லுக்குத்தான் எத்தனை வேலை! டெல்லியிலிருந்து மொத்தத் தரைப்படையையும் நடத்துகிறவர் தளபதி. லே நகரில் ஒரு கோர் படையை நடத்துகிறவரும் தளபதி. எல்லையில் எண்ணூறு பேருடன் இருக்கும் கர்னலும் தளபதி. "பதவி" என்ற சொல்லும் இப்படித்தான் குழப்பும். ராணுவத்தில் ஒருவருக்கு இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அவர் தோளில் அணியும் ரேங்க். இன்னொன்று, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. தமிழில் இரண்டையும் பதவி என்றே எழுதிவிடுகிறோம். இங்கே முதலாவதைத் தரம் என்றும் இரண்டாவதைப் பொறுப்பு என்றும் பிரித்துக்கொள்வோம். ஜெனரல் என்பது தரம். தரைப்படைத் தலைமைத் தளபதி என்பது பொறுப்பு. இது பிடிபட்டால் மீதிச் சிக்கல் தானாக அவிழும்.

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் கையெழுத்தான சரணடைவுப் பத்திரம் இதற்கு நல்ல பாடம். அதில் ஒவ்வொரு கையெழுத்தின் கீழும் பெயர், தரம், பொறுப்பு மூன்றும் வரிசையாக இருக்கும். இந்தியத் தரப்பில் ஜக்ஜித் சிங் அரோரா; தரம் லெப்டினன்ட் ஜெனரல்; பொறுப்பு, கிழக்குப் போர்முனையில் இந்திய, வங்கதேசப் படைகளின் தளபதி. எதிர்த்தரப்பில் நியாசி, அவரும் லெப்டினன்ட் ஜெனரல்தான், பொறுப்பு, பாகிஸ்தானின் கிழக்குக் கட்டளைத் தளபதி. அந்த நாளில் இந்தியத் தரைப்படையில் முழு ஜெனரல் ஒருவர்தான்: டெல்லியில் இருந்த சாம் மானெக்‌ஷா. சுமார் 93,000 பேர் சரணடைந்த அந்த மேஜையில் ஒரு முழு ஜெனரல்கூட இல்லை.

படிகள்

இந்தியத் தரைப்படை அதிகாரிகளின் வரிசை கீழிருந்து மேலாக இப்படிப் போகும்: லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், ஜெனரல். அதற்கும் மேலே ஃபீல்ட் மார்ஷல் என்ற தரம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

கடைசி மூன்று படிகளையும் சேர்த்துத்தான் "ஜெனரல்கள்" என்கிறோம். பேச்சில் மூவரையுமே ஜெனரல் என்று விளிப்பது வழக்கம். ஆகவே மேடையில் யாராவது "ஜெனரல் சாப்" என்றால், அவர் தலைமைத் தளபதி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எழுத்தில் மட்டும் முழுப் பெயர் கட்டாயம். பிரிகேடியர் இந்தக் கூட்டத்தில் சேரமாட்டார். அமெரிக்காவில் அதே படிக்கு பிரிகேடியர் ஜெனரல் என்று பெயர். பிரிட்டிஷ் மரபில் வந்த இந்தியாவில் வெறும் பிரிகேடியர்தான்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. மேஜர் பெரியவர், லெப்டினன்ட் சின்னவர். அப்படியிருக்க மேஜர் ஜெனரலைவிட லெப்டினன்ட் ஜெனரல் எப்படிப் பெரியவர் ஆனார்? விடை 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. அன்று படையின் தலைவர் கேப்டன் ஜெனரல். அவருக்கு அடுத்தவர், அவர் இடத்தில் நிற்கக்கூடியவர், லெப்டினன்ட் ஜெனரல். மூன்றாமவர், அணிவகுப்பையும் ஒழுங்கையும் பார்த்துக்கொண்டவர், சார்ஜன்ட் மேஜர் ஜெனரல். காலப்போக்கில் முதலாமவரின் "கேப்டன்" உதிர்ந்து வெறும் ஜெனரல் ஆனார். மூன்றாமவரின் "சார்ஜன்ட்" உதிர்ந்து மேஜர் ஜெனரல் ஆனார். நடுவில் இருந்தவர் மட்டும் அப்படியே நின்றார். மேஜர் ஜெனரலில் உள்ள மேஜர், உண்மையில் சார்ஜன்ட் மேஜரின் மிச்சம்.

"ஜெனரல்" என்பதே முதலில் ஓர் அடைமொழிதான்: பொதுவான, ஒட்டுமொத்தமான என்று பொருள். அட்டர்னி ஜெனரலில் இருப்பதும் அதுதான். ஒரு பிரிவுக்கு மட்டும் கேப்டனாக இல்லாமல் மொத்தப் படைக்கும் கேப்டனாக இருப்பவர் கேப்டன் ஜெனரல். இந்தப் பொருள் இன்றும் ராணுவத்தில் உயிரோடு இருக்கிறது. காலாட்படை, கவசப்படை, பீரங்கிப்படை போன்றவற்றிலிருந்து மேலே வருகிற அதிகாரிகள் ஒரு கட்டத்தில் "ஜெனரல் கேடர்" என்ற பொதுப் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். பீரங்கிக்காரர் காலாட்படை டிவிஷனை நடத்தலாம். டாங்கிக்காரர் மலையில் கோர் படையை நடத்தலாம்.

தோளைப் படிப்பது எப்படி

ஜெனரல்களின் தோள்பட்டையில் முதலில் தேட வேண்டியது, பெருக்கல் குறிபோலக் குறுக்காகக் கிடக்கும் வாளும் கோலும். அது இருந்தால் அவர் மேஜர் ஜெனரலோ அதற்கு மேற்பட்டவரோதான். அடுத்து, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நட்சத்திரம் மட்டும் இருந்தால் மேஜர் ஜெனரல்.
அசோகச் சிங்கம் மட்டும் இருந்தால் லெப்டினன்ட் ஜெனரல்.
சிங்கமும் அதன் கீழ் நட்சத்திரமும் இருந்தால் ஜெனரல்.

ஃபீல்ட் மார்ஷல் என்றால் சுற்றிலும் தாமரை வளையம் வரும். நேரில் பார்க்கும் வாய்ப்பு இன்று யாருக்கும் இல்லை. பழைய படங்களில் பார்க்கலாம்.

இப்போது ஒரு வேடிக்கை. "திரீ ஸ்டார் ஜெனரல்" என்று செய்தியில் படித்துவிட்டு லெப்டினன்ட் ஜெனரலின் தோளில் மூன்று நட்சத்திரம் தேடினால் ஒன்றுகூட இருக்காது. மூன்று நட்சத்திரம் அணிபவர் கேப்டன்! பிரிகேடியரின் தோளில் சிங்கத்தோடு மூன்று நட்சத்திரம் இருக்கும். அவரை ஒன் ஸ்டார் என்பார்கள். காரணம், இந்த ஸ்டார் கணக்கு தோளைப் பற்றியதே இல்லை. அது வண்டியின் முன்னால் மாட்டும் சிவப்புத் தகட்டில் உள்ள நட்சத்திரங்களின் எண்ணிக்கை. பிரிகேடியருக்கு ஒன்று, மேஜர் ஜெனரலுக்கு இரண்டு, லெப்டினன்ட் ஜெனரலுக்கு மூன்று, ஜெனரலுக்கு நான்கு, ஃபீல்ட் மார்ஷலுக்கு ஐந்து. ஜெனரல்களின் கழுத்துப் பட்டையில் உள்ள சிவப்புத் துணிப் பட்டையிலும் இதே எண்ணிக்கையில் நட்சத்திரம் இருக்கும். ஆகவே தோளில் எண்ணாதீர்கள், கழுத்தில் எண்ணுங்கள். வண்டியில் அதிகாரி இல்லாதபோது தகட்டை உறைபோட்டு மூடிவிட வேண்டும் என்பது விதி. மூடிய தகட்டோடு கார் போனால் உள்ளே டிரைவர் மட்டும்தான்.

2023 ஆகஸ்ட் 1 முதல் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. அதுவரை ஜெனரலானவர்களும் தங்கள் பழைய ரெஜிமென்ட்டின் அடையாளங்களோடு இருந்தார்கள். கவசப்படையிலிருந்து வந்தவர் கறுப்புத் தொப்பி, பாராசூட் படையிலிருந்து வந்தவர் அரக்குத் தொப்பி, ரைபிள் ரெஜிமென்ட்காரர் என்றால் கறுப்பு நிறத் தரச் சின்னம். இப்போது பிரிகேடியரும் அதற்கு மேற்பட்டவர்களும் தொப்பி, தோள் சின்னம், கழுத்துப் பட்டை, இடைவார், ஷூ எல்லாமே ஒரே மாதிரி அணிகிறார்கள். தோளில் தொங்கும் கயிறு எவருக்கும் கிடையாது. பழைய புகைப்படத்தையும் புதிய புகைப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை பேரை நடத்துவார்?

ஒரு பட்டாலியன் சுமார் 800 பேர், கர்னலின் கையில். மூன்று பட்டாலியன் சேர்ந்தால் பிரிகேடு, பிரிகேடியரின் கையில். மூன்று பிரிகேடும், கூடவே பீரங்கி, பொறியாளர், தகவல்தொடர்பு, மருத்துவம் எல்லாம் சேர்ந்தால் டிவிஷன். ஏறக்குறைய 15,000 பேருக்கு மேல். இங்கேதான் ஜெனரல் தொடங்குகிறார்: டிவிஷனின் தலைவர் மேஜர் ஜெனரல். டிவிஷனை இந்த எல்லையாக வைத்ததற்கு ஒரு நியாயம் உண்டு. வெளியிலிருந்து கடன் வாங்காமல், சுடவும் பாலம் கட்டவும் காயம்பட்டவரைக் காப்பாற்றவும் தன் ஆட்களே உள்ள அமைப்பு அதுதான். அதை நடத்துகிறவருக்குத் தன் சொந்தப் பிரிவு மட்டும் தெரிந்தால் போதாது.

இரண்டு மூன்று டிவிஷன்கள் சேர்ந்தால் கோர். அதை லெப்டினன்ட் ஜெனரல் நடத்துவார். ஸ்ரீநகரில் 15-ஆவது கோர், லேயில் 14-ஆவது கோர் என்று செய்திகளில் வருபவை இவை. கோர்களுக்கு மேலே கட்டளைகள், அதாவது கமாண்டுகள்: வடக்கு, மேற்கு, தென்மேற்கு, மத்திய, கிழக்கு, தெற்கு என ஆறு, சிம்லாவில் உள்ள பயிற்சிக் கட்டளையோடு ஏழு. இவற்றின் தலைவர்களும் லெப்டினன்ட் ஜெனரல்களே. அதாவது கோர் தளபதியும் அவருக்கு உத்தரவிடும் கட்டளைத் தளபதியும் தோளில் ஒரே சின்னத்தைத்தான் அணிகிறார்கள். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பொறுப்புதான் தீர்மானிக்கிறது.

தமிழர்கள் மறக்காத ஒரு நிகழ்வில் இந்த மூன்று படிகளையும் சேர்த்துப் பார்க்கலாம். 1987-ல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது யாழ்ப்பாணத்தில் இறங்கிய 54-ஆவது டிவிஷனின் தலைவர் மேஜர் ஜெனரல் ஹர்கீரத் சிங். அவருக்கு மேலே, மொத்த அமைதிப்படைக்கும் பொறுப்பாக, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்குக் கட்டளையின் லெப்டினன்ட் ஜெனரல் தீபீந்தர் சிங். அவருக்கும் மேலே டெல்லியில் தலைமைத் தளபதி ஜெனரல் சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்த கிருஷ்ணசாமி சுந்தரராஜன். களம், கட்டளை, தலைமை என்று மூன்று தளம், மூன்று தரம்.

எல்லா ஜெனரலும் படை நடத்துவதில்லை. ராணுவ மருத்துவர்களில் மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் உண்டு. 2004-ல் நாட்டின் முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரல் ஆன புனிதா அரோரா மருத்துவர். தளவாடம், வாகனப் பராமரிப்பு ஆகிய பிரிவுகளிலும் ஜெனரல்கள் இருக்கிறார்கள். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் தலைவரும் வெலிங்டன் பாதுகாப்புப் பணிகள் கல்லூரியின் தலைவரும், சென்னை தீவுத்திடலில் உள்ள தட்சிண பாரத் ஏரியா தலைமையகத்தின் தலைவரும் லெப்டினன்ட் ஜெனரல்களே.

ஒரே பொறுப்பு நாட்டுக்கு நாடு வேறு தரத்தில் இருப்பதும் உண்டு. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் தொலைபேசியில் பேசி மோதலை நிறுத்தியபோது, இரு முனையிலும் இருந்தவர்கள் ராணுவ நடவடிக்கைகள் தலைமை இயக்குநர்கள். இந்தியத் தரப்பில் அவர் லெப்டினன்ட் ஜெனரல். பாகிஸ்தான் தரப்பில் மேஜர் ஜெனரல். வேலை ஒன்றுதான். இலங்கையிலோ ராணுவத் தளபதியே பெரும்பாலும் லெப்டினன்ட் ஜெனரலாகத்தான் இருப்பார்.

எப்படி அங்கே போவது

லெப்டினன்ட்டாகச் சேர்ந்த ஒருவர் 2 வருடத்தில் கேப்டன், 6 வருடத்தில் மேஜர், 13 வருடத்தில் லெப்டினன்ட் கர்னல். தேர்வுகளில் தேறி ஒழுங்காக வேலை பார்த்தால் இதுவரை காலமே ஏற்றிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு படியும் தேர்வுக் குழுவின் கையில். கர்னலாக்குவது 3-ஆம் எண் குழு, பிரிகேடியராக்குவது 2-ஆம் எண் குழு, மேஜர் ஜெனரலாக்குவது 1-ஆம் எண் குழு. லெப்டினன்ட் ஜெனரலாக்க சிறப்புத் தேர்வுக் குழு என்று தனியாக ஒன்று. எண் குறையக் குறைய வாசல் குறுகும்.

ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களை ஒரு தொகுதியாக வைத்துத்தான் குழு பார்க்கும். அவர்களுக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் காகிதம்: வருடாந்தர ரகசிய அறிக்கைகள். நேரடி மேலதிகாரி, அவருக்கு மேலிருப்பவர், அவருக்கும் மேலிருப்பவர் என்று மூவர் எழுதுவது, 9 வரை மதிப்பெண். எல்லோருக்கும் 8-ம் 9-ம் விழுகிற இடத்தில் ஒரே ஒரு 7 விழுந்தால் அது தனியாகத் தெரியும். ஒருமுறை விடுபட்டால் மறுபரிசீலனை இருமுறை உண்டு. மூன்றிலும் விடுபட்டால் பெரும்பாலும் அந்தத் தரத்திலேயே ஓய்வு வயதுவரை இருந்துவிட்டுப் போக வேண்டியதுதான். மனக்குறை உள்ளவர்கள் ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பலர் போகவும் செய்கிறார்கள்.

அடுத்த எதிரி பிறந்த தேதி. கர்னலுக்கு ஓய்வு 54 வயதில், பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60. (மருத்துவப் பிரிவுக்குக் கணக்கு வேறு.) கட்டளைத் தளபதியாக வேண்டுமென்றால் கோர் ஒன்றை நடத்தியிருக்க வேண்டும், அதோடு, இடம் காலியாகும்போது குறிப்பிட்ட அளவு பணிக்காலம் இன்னும் மிச்சம் இருக்க வேண்டும். 60-ல் ஓய்வு என்றால், அதற்குப் போதிய காலம் முன்பே அந்த நாற்காலி காலியாக வேண்டும். திறமையில் சமமான இருவரில் ஆறு மாதம் இளையவர் மேலே போவதும் மூத்தவர் வீட்டுக்குப் போவதும் இதனால்தான். ஜெனரல் வி.கே. சிங்கின் பிறந்த ஆண்டு 1950-ஆ 1951-ஆ என்ற வழக்கு 2012-ல் உச்ச நீதிமன்றம் வரை போனதை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருப்பவர்களுக்கு அது வீம்பாகத் தெரிந்தது; ராணுவத்தில் ஒரு வருடம் என்பது யார் அடுத்த தளபதி என்பதையே மாற்றும் அளவு.

கடைசிப் படிக்குத் தேர்வுக் குழு கிடையாது. தலைமைத் தளபதியை மத்திய அரசு, பிரதமர் தலைமையிலான நியமனக் குழு வழியாகத் தேர்ந்தெடுக்கிறது. பணிமூப்பில் முதலில் இருப்பவரை எடுப்பது வழக்கம். சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. 1983-ல் எஸ்.கே. சின்ஹாவைத் தாண்டி ஏ.எஸ். வைத்யா வந்தார், சின்ஹா பதவி விலகினார். 2016-ல் மூத்தவர்கள் இருவரைத் தாண்டி பிபின் ராவத் வந்தார்.

தலைமைத் தளபதியின் காலம் 3 வருடம், அல்லது 62 வயது, எது முந்துகிறதோ அது. இதற்கு அடுத்தடுத்து வந்த இருவரே உதாரணம். 1958 மார்ச்சில் பிறந்த ராவத் 2016 டிசம்பர் 31 அன்று பொறுப்பேற்றார். 62 ஆகும் முன்பே 3 வருடம் நிறைந்ததால் 2019 டிசம்பர் 31-ல் விலகினார். அன்றே பொறுப்பேற்ற எம்.எம். நரவணே 1960 ஏப்ரலில் பிறந்தவர். 2022 ஏப்ரலில் 62 ஆனதால் 2 வருடம் 4 மாதத்தில் ஓய்வு. ராவத் 1978 டிசம்பரில் சேர்ந்து தலைமைத் தளபதியாக 38 வருடம் ஆனது. ஏறக்குறைய நாற்பது வருடம் என்பதுதான் இந்தப் பயணத்தின் நீளம்.

ஒரே நேரத்தில் எத்தனை ஜெனரல்?

நெடுங்காலம் ஒருவர்தான். 2020 ஜனவரி 1 முதல் முப்படைத் தலைமைத் தளபதி என்ற பொறுப்பு வந்தபின் இருவர் இருக்க வாய்ப்புண்டு. முதலில் அதில் அமர்ந்த ராவத் 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். 2022 ஜூனில் விதி திருத்தப்பட்டு, 62 வயது நிறையாத ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல்களையும் கருத்தில் கொள்ளலாம் என்றானது. அந்த வழியில் ஓய்வுபெற்றிருந்த அனில் சவுகான் அதே செப்டம்பரில் மறுபடி சீருடை அணிந்து ஜெனரல் ஆனார். முப்படைத் தலைமைத் தளபதிக்கும் நட்சத்திரம் நான்குதான். தரைப்படை, கடற்படை, விமானப்படைத் தளபதிகளோடு சமமானவர்களில் முதல்வர். அவர்களுக்கு நேரடிப் போர்க் கட்டளை இடும் அதிகாரம் அவருக்கு இல்லை. கடற்படையில் அட்மிரல், விமானப்படையில் ஏர் சீஃப் மார்ஷல் ஆகியவை ஜெனரலுக்குச் சமமான தரங்கள்.

இன்னொருவரும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நேபாள ராணுவத் தளபதிக்கு இந்தியத் தரைப்படையின் கௌரவ ஜெனரல் பட்டம் தருவது மரபு. இந்தியத் தளபதிக்கு நேபாளமும் அப்படியே தரும்.

ஐந்து நட்சத்திர ஃபீல்ட் மார்ஷல் ஆனவர்கள் இந்தியத் தரைப்படையில் இருவர்தான்: 1973-ல் மானெக்‌ஷா, 1986-ல் கரியப்பா. கரியப்பா 1949 ஜனவரி 15 அன்று பிரிட்டிஷாரிடமிருந்து தலைமையை ஏற்ற முதல் இந்தியர். அந்த நாள்தான் இன்றும் ராணுவ தினம். ஃபீல்ட் மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, இறக்கும்வரை பணியில் இருப்பதாகத்தான் கணக்கு. மானெக்‌ஷா 2008-ல் வெலிங்டனில் இறந்து, ஊட்டியில் அடக்கம் செய்யப்பட்டார்.

சம்பளம், எழுதும் முறை

7-ஆவது ஊதியக் குழுவின்படி மேஜர் ஜெனரலின் அடிப்படைச் சம்பளம் 1,44,200 ரூபாயில் தொடங்குகிறது. லெப்டினன்ட் ஜெனரலுக்கு 1,82,200-ல் தொடங்கும். ஆனால் அதே தரத்தில் கட்டளைத் தளபதியாக இருந்தால் 2,25,000 என்று நிலையான தொகை. தலைமைத் தளபதிக்கு 2,50,000, அமைச்சரவைச் செயலாளருக்கு உள்ள அதே தொகை. பிரிகேடியர்வரை கிடைக்கும் மாதம் 15,500 ரூபாய் ராணுவப் பணி ஊதியம் மேஜர் ஜெனரல் ஆனதும் நின்றுவிடும். பதவி உயர்ந்த மாதம் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பலர் புருவம் உயர்த்துவது இதனால்தான்.

செய்தியோ அழைப்பிதழோ எழுதுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முழுத் தரத்தையும் பெயருக்கு முன்னால் எழுதுங்கள். பொறுப்பைப் பெயருக்குப் பின்னால். ஜி.ஓ.சி. என்று வந்தால் டிவிஷன், கோர் அல்லது ஏரியா ஒன்றின் தலைவராக இருக்கும் ஜெனரல், ஜி.ஓ.சி.-இன்-சி. என்று வந்தால் கட்டளைத் தளபதி. கட்டளைத் தளபதியை "ராணுவத் தளபதி" என்று எழுதினால் வாசகர் டெல்லியில் இருப்பவர் என்று நினைத்துக்கொள்வார். "கிழக்குக் கட்டளைத் தளபதி" என்று திசையோடு எழுதிவிடுங்கள். ஓய்வு பெற்றவர் தன் தரத்தை இழப்பதில்லை, ஆகவே "ஓய்வு" என்பது தரத்தோடு ஒட்டாமல் பெயருக்குப் பின்னால் வர வேண்டும். "ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் இன்னார்" என்று எழுதாமல் "மேஜர் ஜெனரல் இன்னார் (ஓய்வு)" என்று எழுதுவதே ராணுவ வழக்கம். "முன்னாள் மேஜர் ஜெனரல்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முன்னாள் என்பது பொறுப்புக்குத்தான் பொருந்தும்.